கோவா விசாரணை மன்றம்: எத்தனை பேரை எரித்தார்கள் என்பது மட்டுமா கேள்வி?

#1 கொங்குநாடன்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இந்த வாரம் முழுக்க இதே சண்டை. மாமா ஒரு ஃபார்வர்டு போட்டார்: சவேரியார் தலைமையில் கோவாவில் லட்சக்கணக்கான இந்துக்களை உயிரோடு கொளுத்தினார்கள் என்று. சித்தப்பா பையன் உடனே, அதெல்லாம் பிரிட்டிஷ்காரன் போர்த்துகீசியர்மேல் கட்டிவிட்ட கதை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நம்பும்படி இல்லை. இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கட்சி கட்டாமல் நடந்ததைச் சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், மதச் சண்டை வேண்டாம்.

#2 ஏட்டுச்சுவடி

முதலில் சவேரியார் கணக்கை முடித்துவிடலாம். அவர் 1542இல் கோவாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறை, மலாக்கா, ஜப்பான் என்று அலைந்துவிட்டு 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோனார். விசாரணை மன்றம் (இன்க்விசிஷன்), அதாவது கத்தோலிக்க நெறியை மீறிய கிறிஸ்தவர்களை விசாரிக்கும் நீதிமன்றம், கோவாவில் அமைந்தது 1560இல். ஆகவே அவர் தலைமை தாங்கியிருக்க வழியில்லை. அதற்காக, சம்பந்தமே இல்லை என்றும் தப்பிக்க முடியாது. 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து போர்த்துகல் மன்னர் மூன்றாம் ஜானுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவுக்கு இப்படி ஒரு மன்றம் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். யாருக்கு எதிராக? ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டும் யூத முறைப்படியும் இஸ்லாமிய முறைப்படியும் வாழ்பவர்களுக்கு எதிராக. அந்த வேண்டுகோளில் அவர் குறி வைத்தது இந்துக்களை அல்ல.

ஃபார்வர்டுகள் தவறவிடும் முக்கியமான விஷயம் இதுதான். சட்டப்படி இந்த மன்றத்துக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல்தான் அதிகாரம். மதம் மாறாத ஒருவரை 'நீ ஏன் இந்துவாக இருக்கிறாய்' என்று கேட்டு வழக்குப் போட முடியாது. மதம் மாறியவரைத் திரும்ப இழுத்தான், அவருக்கு இடம் கொடுத்தான், மதம் மாறப் போனவரைத் தடுத்தான் என்று சொல்லி மாறாதவர்களையும் இழுத்தார்கள், அது வேறு. கோயில்களை இடித்தது, பெற்றோர் இல்லாத இந்துக் குழந்தைகளைத் திருச்சபையிடம் ஒப்படைக்கச் சொன்ன 1559 சட்டம், இவையெல்லாம் அரசு செய்தவை. கோவா நகரம் இருக்கும் திசுவாடித் தீவில் கோயில்களை இடித்தது 1540இல், மன்றம் வருவதற்கு இருபது வருஷம் முன்பே. அனுபவித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வையுங்கள். ஆனாலும் யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் சண்டை தீராது.

முதலில் மாட்டியவர்கள் 'புதுக் கிறிஸ்தவர்கள்'. 1497இல் போர்த்துகல்லில் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள். அங்கே கெடுபிடி அதிகமானதும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். கடல் தாண்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார்கள், பாவம். கார்சியா த ஓர்த்தா என்று ஒரு மருத்துவர், நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி 1563இல் கோவாவிலேயே புத்தகம் அச்சிட்டவர். 1568இல் நல்லபடியாகப் படுக்கையில் இறந்தார். மறுவருஷம் அவருடைய தங்கை கத்தரீனாவை எரித்தார்கள். 1580இல் இவருடைய எலும்புகளையும் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவருக்குத் தண்டனை.

அப்புறம் அந்த வரத்து குறையக் குறைய, மன்றத்தின் கை உள்ளூர் ஆட்கள் பக்கம் திரும்பியது. மதம் மாறிய பிறகும் வீட்டில் பழைய பழக்கத்தை விடாத கொங்கணிகள்தான் பிற்கால வழக்குகளில் பெரும்பகுதி.

எண்ணிக்கை: 1561 முதல் 1774 வரை சுமார் 16,000 வழக்குகள். நேரில் எரிக்கப்பட்டவர்கள் 57 பேர், உருவப்பொம்மையாக எரிக்கப்பட்டவர்கள் 64 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. மன்றம் மூடிய பிறகு கோவா ஆவணங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். ஆனால் விசாரணையாளராக இருந்த ஜொவாவ் டெல்காடு ஃபிகெய்ரா என்பவர் 1623 வரையிலான சுமார் 3,800 வழக்குகளுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்து வைத்தார். அது லிஸ்பனில் இருக்கிறது.

ஆக உங்கள் மாமா சொன்ன லட்சமும் இல்லை, தம்பி சொன்ன பூஜ்யமும் இல்லை.

#3 அந்தோணி_தூத்துக்குடி

நன்றி ஏட்டுச்சுவடி அண்ணே. நான் கத்தோலிக்கன், அதனால் பேசலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

213 வருஷத்தில் 57 பேர். ஒருவர் என்றாலும் பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவில் சூனியக்காரி என்று சொல்லி நாற்பது, ஐம்பதாயிரம் பேரைக் கொன்றார்கள். அதில் பெரும்பாலானவை ஊர் நீதிமன்றங்களும் பிரபுக்களின் நீதிமன்றங்களும் கொடுத்த தீர்ப்பு. அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. ஸ்பெயினில் 1610இல் லொக்ரோன்யோ நகர விசாரணை மன்றத்தின் தீர்ப்பில் சூனியக்காரிகள் என்று ஆறு பேரை எரித்தார்கள். அதே மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவரான சலசார் ஃப்ரியாஸ் பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஒருவர்மேலும் ஆதாரம் இல்லை, எல்லாம் வதந்தியும் பயமும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் அறிக்கையை வைத்து 1614இல் ஸ்பெயின் மன்றமே புது விதிகள் போட்டது. அதற்குப் பிறகு அந்த மன்றம் சூனியத்துக்காக எரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஜெர்மனி அப்புறமும் பல பத்து வருஷம் எரித்துக்கொண்டிருந்தது. ஆதாரம் கேட்ட நீதிமன்றங்களில் ஒன்று எது என்று பார்த்தால் நீங்கள் திட்டுகிற இதுதான். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

#4 மதுரை_வக்கீல்

அந்தோணி சார், சலசாரைப் பற்றிச் சொன்னது சரி. நல்ல நீதிபதி. ஆனால் நீங்கள் உயிர்க்கணக்கைப் போட்டு ஆறுதல் தேடுகிறீர்கள். என் தொழில் புத்தி வேறு பக்கம் போகிறது. 57 பேரை விடுங்கள், மீதி 16,000 பேருக்கு என்ன நடந்தது?

இந்த மன்றங்களின் விதிப்புத்தகங்களைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். ஒருவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். என்ன குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். 'ஏன் இங்கே கொண்டுவரப்பட்டோம் என்று உனக்குத் தெரியும், யோசித்துப் பார்த்து ஒப்புக்கொள்' என்ற தோரணையில்தான் முதல் விசாரணையே. புகார் கொடுத்தவர் பெயர் கிடையாது. எந்த நாள், எந்த இடம் என்பதையும் மழுப்பி வைத்திருப்பார்கள், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. வக்கீல் உண்டு, ஆனால் மன்றமே கொடுக்கும் வக்கீல். அவரால் செய்ய முடிந்த பெரிய உதவி, ஒப்புக்கொண்டுவிடு என்று புத்திமதி சொல்வது.

ஒரே ஒரு பாதுகாப்பு இருந்தது. 'எனக்கு இன்னின்னார் பகையாளிகள்' என்று கைதி பட்டியல் தரலாம். புகார் சொன்னவர் அந்தப் பட்டியலில் இருந்து, பகைக்குச் சாட்சியும் இருந்தால், அவர் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யலாம். நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் யார் சொன்னது என்று தெரியாமல் பட்டியல் போட வேண்டும். எனவே கைதி இருட்டறையில் உட்கார்ந்து மச்சான், பங்காளி, கடன் வாங்கியவன், வேலைக்காரி, முன்னாள் கூட்டாளி என்று தன் வாழ்நாளில் முறைத்தவர்கள் எல்லோரையும் யோசித்து யோசித்துச் சொல்வார்.

இதில் மோசமானது எது தெரியுமா? முழுக்க மறுப்பவருக்கு 'மறுப்பாளி' என்று பெயர். சாட்சி போதும் என்று மன்றம் முடிவு செய்துவிட்டால், மறுப்பாளிக்கு நெருப்பு. ஒப்புக்கொண்டு, கூட இருந்தவர்களையும் காட்டிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டவருக்கு உயிர் மிஞ்சும். உண்மையிலேயே எதுவும் செய்யாதவன் என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் சாவு, பொய்யாக ஒப்புக்கொண்டால் உயிர். அரைகுறையாக ஒப்புக்கொண்டாலும் விடமாட்டார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால், அந்த மன்றத்தில் உயிரோடு வெளியே வந்த ஒவ்வொருவரும் அப்ரூவர். வீட்டுக்கு வந்து யார் முகத்தில் முழிப்பது?

நம் சாட்சியச் சட்டம் 1872இலேயே, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 25ஆம் பிரிவில் எழுதியது. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் 20(3) சொல்கிறது. இவற்றையெல்லாம் வெறும் டெக்னிக்கல் விஷயம் என்று நினைப்பவர்கள் கோவாவைப் படிக்கலாம்.

#5 சும்மா_வாசிப்பவன்

சார், பகையாளிப் பட்டியல் போடச் சொன்னால் எனக்கு எங்கள் அபார்ட்மெண்ட் சங்கமே போதும்.

(சீரியசாகத்தான் படிக்கிறேன். தொடருங்கள்.)

#6 ஏட்டுச்சுவடி

வக்கீல் சார் சொன்னதற்கு நேரடி சாட்சி ஒருவர் இருக்கிறார். சார்ல் தெலோன், பிரெஞ்சுக்கார மருத்துவர், கத்தோலிக்கர்தான். போர்த்துகீசியர் ஆண்ட டாமன் துறைமுகத்தில் தொழில் செய்துகொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஞானஸ்நானத்தின் ஒரு வகையைப் பற்றியும் சுரூபங்களை வணங்குவதைப் பற்றியும் விவாதித்தார், விசாரணை மன்றத்தையே விமர்சித்தார். டாமன் ஆளுநருக்கு இவர்மேல் ஏற்கனவே கடுப்பு, ஒரு பெண்மணியை இவர் அடிக்கடி போய்ப் பார்த்ததால் வந்த பொறாமை. விஷயம் காதுக்கு எட்டியதும் தெலோன் தானாகவே மன்றத்தின் பிரதிநிதியிடம் போய், 'இன்னின்னது பேசினேன்' என்று சொல்லிவிட்டு வந்தார், தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையில். அப்படியும் பிடித்தார்கள். கோவாவுக்குக் கொண்டுபோய்ப் பழைய அடில் ஷா அரண்மனையில் அடைத்தார்கள். மன்றம் இயங்கியது அங்கேதான். ஊர்க்காரர்கள் அதைக் கொங்கணியில் 'பெரிய வீடு' என்றுதான் சொல்வார்களாம், வேறு பெயர் சொல்லவே பயம்.

தனியறை. பக்கத்து அறைக்காரரோடு பேசக் கூடாது, அழக்கூடச் சத்தம் வரக் கூடாது. 1675 நவம்பர், டிசம்பர் மாதங்களில் காலை வேளைகளில் சித்திரவதைக் கூடத்திலிருந்து அலறல் கேட்டதாக எழுதியிருக்கிறார். தெலோன் பலமுறை தற்கொலைக்கு முயன்றார்.

1676 ஜனவரி 12, விடிவதற்கு முன் எழுப்பிக் கோடு போட்ட உடுப்பைக் கொடுத்தார்கள். ஒரு கூடத்தில் சுவரோரமாக வரிசையாக நிற்க வைத்தார்கள். யாருக்கு என்ன தீர்ப்பு என்று நிற்பவர்கள் யாருக்கும் தெரியாது. மேலே போடும் அங்கியில் வரைந்திருப்பதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். தீ நாக்கு மேல்நோக்கி இருந்தால் சாவு, கீழ்நோக்கி இருந்தால் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு தப்பியவன், வெறும் சிலுவை என்றால் மற்ற தண்டனை. அப்போது ரொட்டியும் அத்திப்பழமும் கொடுத்தார்கள். இவர் வேண்டாம் என்றார். காவலுக்கு நின்றவர், இப்போது பசிக்காவிட்டால் பைக்குள் போட்டுக்கொள், திரும்பி வருவதற்குள் பசிக்கும் என்றார். திரும்பி வருவோம் என்ற அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான், தன்னை எரிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. தீர்ப்பு வந்த விதம் இது!

வெறுங்காலோடு கோவாத் தெருக்களில் கூர்மையான சிறு கற்கள்மேல் ஊர்வலம். கால் கிழிந்து ரத்தம். பேராலய மணி அடிக்கிறது, கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. புனித பிரான்சிஸ் ஆலயத்தில் பிரசங்கம், பிறகு ஒவ்வொருவராகத் தீர்ப்பு வாசிப்பு. தெலோனுக்குச் சொத்துப் பறிமுதல், இந்தியாவிலிருந்து வெளியேற்றம், போர்த்துகல்லில் ஐந்து வருஷம் கட்டாய உழைப்பு. அன்று எரிக்கப்பட்டவர்கள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும், இருவரும் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்க்காரர்கள், மாந்திரீகக் குற்றச்சாட்டு. கூடவே இறந்துபோனவர்களின் எலும்புப் பெட்டிகளும் தீக்குப் போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்றம் தன் கையால் யாரையும் கொல்லவில்லை. 'இவரை அரசின் கையில் ஒப்படைக்கிறோம், கருணையோடு நடத்துங்கள், ரத்தம் சிந்த வேண்டாம்' என்று எழுதித்தான் ஒப்படைப்பார்கள். ஆற்றங்கரையில் விறகு அதற்குமுன்பே அடுக்கியாகியிருக்கும். இந்த வரியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, நெருப்பை நினைத்துக்கூட இவ்வளவு வருவதில்லை.

வெளியே வந்தால் உள்ளே நடந்ததைப் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்குவார்கள். தெலோன் 1677இல் விடுதலையாகி, பத்து வருஷம் கழித்து எல்லாவற்றையும் அச்சில் ஏற்றினார். மற்ற 16,000 பேரில் இப்படி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

#7 மயிலை_மணி

இதற்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது.

புனித ஜார்ஜ் கோட்டை கட்டிய புதிதில், 1642இல், எஃப்ரைம் த நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் சாமியார் சென்னைக்கு வந்தார். பல மொழிகள் தெரிந்தவர், ஏழைகளுக்கு உழைப்பவர். ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் புராட்டஸ்டண்டுகளாக இருந்தும், 'கோட்டையில் இருக்கும் கத்தோலிக்கர்களுக்கு நீங்கள் இருங்கள்' என்று இடம் கொடுத்தார்கள். சாந்தோம் அப்போது போர்த்துகீசியர் கையில். அங்கிருந்து ஆட்கள் கோட்டைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். சாந்தோம்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். மதக் காரணமும் இருந்தது: கோவா ஆயர்களுக்குத் தெரியாமல் ரோமாபுரி நேரடியாக அனுப்பிய ஆள் இவர்.

1649இல் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவைக்க வாருங்கள் என்று தந்திரமாகச் சாந்தோமுக்கு அழைத்து, பிடித்து, விலங்கு மாட்டிக் கப்பலில் கோவாவுக்கு அனுப்பினார்கள். மதத்துக்கு விரோதமாகப் பேசினார் என்பது வழக்கு. ஏறக்குறைய இரண்டு வருஷம் உள்ளே. ஆங்கிலேயர் எழுதிப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்ததில் பெரிய பங்கு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லாவுக்கு. சாமியாரை விடாவிட்டால் சாந்தோமைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டினார். கத்தோலிக்கச் சாமியாரைக் கத்தோலிக்க மன்றம் பிடித்து வைக்க, புராட்டஸ்டண்ட் கம்பெனி மனுப் போட, முஸ்லிம் தளபதி மீட்டுக் கொடுக்கிறார். அவர் திரும்பி வந்து சென்னையில் இன்னும் பல பத்து வருஷம் வேலை பார்த்தார்.

அதே காலத்தில், அதே மயிலாப்பூரில் இன்னொரு கைது. 1652இல் அகத்தல்லா என்ற மேற்கு ஆசிய ஆயர் வந்து இறங்கினார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று ஒரு ஆயரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம். யேசு சபைச் சாமியார்கள் பிடித்து வைத்துக் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். கப்பல் கொச்சிக்கு வெளியே நின்றபோது ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடி, அவரைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டவில்லை. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. 1653 ஜனவரி 3, மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, இனி யேசு சபைக்காரர்களுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்பது அதுதான். ஆனால் அகத்தல்லா மூழ்கடிக்கப்படவில்லை, எரிக்கப்படவும் இல்லை. ரோமுக்கு அனுப்பப்படும் வழியில் 1654இல் பாரீசில் இறந்தார் என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

எல்லாவற்றையும் ரகசியமாகச் செய்கிற மன்றத்தைப் பற்றி வதந்தி வராமல் வேறென்ன வரும்?

#8 வடலி

நான் யாழ்ப்பாணம். இதை வாசிக்கேக்க எங்கட பக்கத்துக் கதையும் ஞாபகம் வருது, அதால எழுதுறன்.

1544இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய அறுநூறு பேருக்கு மேல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றான் என்பது கிறிஸ்தவர்கள் இன்றும் நினைவுகூரும் செய்தி. 1619இல் போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், கோயில்கள் இடிபட்டன. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கர்களுக்கு ஜென்மப் பகை. கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். சைவர்களுக்கும் நிம்மதி இல்லை. உத்தியோகம் வேண்டுமா, கலியாணம் பதிய வேண்டுமா, புராட்டஸ்டண்ட் ஞானஸ்நானம் எடு. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறியாமல் கூரை இறப்பில் செருகி ஒளித்தார்கள் என்று எங்கட ஆச்சிமார் சொல்லுவினம்.

இந்த நேரத்தில்தான் 1687இல் ஜோசப் வாஸ் என்ற குரு யாழ்ப்பாணம் வந்தார். எங்கேயிருந்து? கோவாவிலிருந்து. கொங்கணிப் பிராமணக் குடும்பம். பிச்சைக்காரர் கோலம், கழுத்தில் ஜெபமாலை. வீடு வீடாகப் போய், அந்த மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் யார் இரகசியக் கத்தோலிக்கர் என்று கண்டுபிடித்தார். சில்லாலையில் ஒளித்து வைத்திருந்தார்கள். 1689 நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவு ஒல்லாந்தத் தளபதி ஃபான் ரே பூசைக்குக் கூடியவர்களைச் சுற்றி வளைத்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தான். வாஸ் தப்பிவிட்டார். பிடிபட்டவர்களில் தொன் பேதுரு என்றொருவரை அடித்தே கொன்றார்கள். புராட்டஸ்டண்டாக மாறி ஒல்லாந்தரிடம் உத்தியோகம் பார்த்து, பிறகு கத்தோலிக்கத்துக்குத் திரும்பிய ஆள் அவர்.

கோவாவில் இதே 'திரும்பிப் போதல்'தான் குற்றம். யாழ்ப்பாணத்திலும் அதே குற்றம், மதப்பிரிவு மட்டும் வேறு. ஒரு கொங்கணிப் பிராமணரைக் காப்பாற்றியது பிறகு கண்டி, பௌத்த அரசனின் நாடு. அங்கேயும் முதலில் போர்த்துகீச ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள், பிறகு அனுமதித்தார்கள். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சனக்கடல்.

#9 கொங்குநாடன்

நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைப்பது பாடம். தொடருங்கள் ஐயா.

ஒரு சந்தேகம். இத்தனை வருஷத்தில் திருச்சபைக்கு உள்ளே யாருமே 'இது தப்பு' என்று சொல்லவில்லையா?

#10 அந்தோணி_தூத்துக்குடி

சொன்னார்கள். இதற்கு நானே பதில் தருகிறேன், ஏனென்றால் வக்கீல் சார் வாதத்துக்கு இது வலு சேர்க்கும். எனக்கும் அவர் சொன்னதில் பெரிய மறுப்பு இல்லை.

அந்தோனியோ வியெய்ரா, போர்த்துகல்லின் பெரிய பிரசங்கியார், யேசு சபைக் குரு. புதுக் கிறிஸ்தவர்களுக்காகப் பரிந்து பேசினார். 1660களில் மன்றம் அவரையே பிடித்து விசாரித்துச் சிறையில் வைத்தது. வெளியே வந்ததும் ரோமுக்குப் போனார். எதிராளியின் பெயர் தெரியாத வழக்கு, ரகசிய சாட்சி, பறிமுதல், இவையெல்லாம் அநியாயம் என்று வாதாடினார். 1674இல் பாப்பரசர் பத்தாம் கிளமெண்ட் போர்த்துகல் மன்றத்தின் வேலையை நிறுத்திவைத்தார். ஏழு வருஷம் தடை இருந்தது. 1681இல் மறுபடி திறந்துவிட்டார்கள், அது சோகம்.

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஷ்பே, அவரும் யேசு சபைக்காரர். எரிக்கப் போகும் பெண்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர். 1631இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சித்திரவதை செய்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பதுதான் அதன் சாரம்.

2000 மார்ச் 12 அன்று இரண்டாம் ஜான் பால், உண்மையைக் காக்கிறோம் என்ற பெயரில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைக்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அன்று எங்கள் பங்கில் சிலருக்குப் பிடிக்கவில்லை, எதற்கு இதையெல்லாம் கிளற வேண்டும் என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

#11 மதுரை_வக்கீல்

வியெய்ரா விஷயம் அருமை, அந்தோணி சார். பறிமுதலைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். கைதான அன்றே சொத்தை முடக்கிப் பட்டியல் எடுத்துவிடுவார்கள், தீர்ப்புக்குப் பிறகல்ல. மன்றத்தின் செலவுக்குப் பறிமுதல் பணமும் போனது. வழக்கை நடத்துகிறவருக்கே வழக்கில் வரும்படி இருந்தால் அங்கே விடுதலை எப்படிக் கிடைக்கும்? எந்த மதமாக இருந்தாலும், எந்த அரசாக இருந்தாலும், இதைச் சட்டத்தில் எழுதிவிட்டால் பிறகு கெட்ட நீதிபதி தேவையே இல்லை. பக்தியும் படிப்பும் உள்ள நல்ல நீதிபதிகளே அந்த வேலையைச் செய்துவிடுவார்கள். கோவா விசாரணையாளர்களில் பெரும்பாலானோர் சட்டம் முறையாகப் படித்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

#12 மஞ்சள்கிழங்கு

ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன். வீட்டில் பழைய பழக்கத்தை விடவில்லை என்று வழக்கு என்றால், அது என்ன மாதிரிப் பழக்கம்? சாமி கும்பிட்டார்கள் என்றா?

#13 ஏட்டுச்சுவடி

சாமி கும்பிட்டதும்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை அம்மா. 1736 ஏப்ரலில் மன்றம் ஒரு நீண்ட அறிவிப்பு வெளியிட்டது, மதம் மாறியவர்கள் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று. கல்யாணத்தில் நாட்டு வாத்தியம் வாசிக்கக் கூடாது. மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மஞ்சள் பூசக் கூடாது. சடங்காக வெற்றிலை பாக்கு கொடுக்கக் கூடாது. முற்றத்தில் துளசிச் செடி வைக்கக் கூடாது. ஆண்கள் வேட்டி, பெண்கள் சோளி கூடாது. இதில் என்னை உலுக்கியது, உப்பில்லாமல் சோறு வடித்துவிட்டுச் சாப்பிடும்போது உப்புப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது. இந்துக்கள் அப்படிச் சமைக்கிறார்களாம். உலையில் உப்புப் போடாதது மதக் குற்றம்! பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் போதும், புகார் தயார்.

கல்யாண வீட்டில் மஞ்சள் இடித்த சத்தம் வெளியே கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இது வெறும் சட்டப் புத்தகமாக இருந்திருந்தால்கூடச் சரி, போகட்டும் என்று விடலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் பெயர் தெரியாமல் சொல்லலாம் என்ற முறையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

#14 சும்மா_வாசிப்பவன்

இனி ஜோக் அடிக்கவில்லை. மூடியது எப்போது?

#15 ஏட்டுச்சுவடி

ஒரே தடவையில் மூடவில்லை. 1774இல் போர்த்துகல்லின் முதலமைச்சர் பொம்பால் கோவா மன்றத்தைக் கலைத்தார். அவர் பதவி போனதும் 1778இல் ராணி மரியா காலத்தில் திரும்பத் திறந்தார்கள், முன்பிருந்த பல் இல்லாமல். நெப்போலியன் போரில் போர்த்துகல் பிரிட்டனை நம்பியிருந்தபோது, 1810 ஒப்பந்தத்தில் கோவா மன்றத்தை ஒழிப்பதும் ஒரு விஷயமாக வந்தது. 1812இல் நிரந்தரமாகப் பூட்டினார்கள். 'பெரிய வீடு' பிறகு இடிந்து தரைமட்டமானது. பழைய கோவா பேராலயத்துக்குப் பக்கத்துத் திடலில் இன்று போய் நின்றால் அங்கே அப்படியொன்று இருந்ததற்கு அடையாளமே தெரியாது.

#16 மஞ்சள்கிழங்கு

பயந்தவர்கள் ஊரை விட்டுப் போகவில்லையா? மங்களூர், கொச்சியில் கொங்கணி பேசுகிறவர்கள் இருக்கிறார்களே.

#17 மயிலை_மணி

போனார்கள் அம்மா, அலை அலையாக. கொச்சியில் இருக்கும் கொங்கணிப் பிராமணர்களின் முன்னோர் பலர் அப்படி வந்தவர்கள். இந்துக்கள் மட்டும் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மங்களூர்க் கத்தோலிக்கர்களின் முன்னோரும் கோவாவிலிருந்து இறங்கியவர்களே. பஞ்சம், வரி, மராட்டியர் படையெடுப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கிறிஸ்தவராகவே இருந்துகொண்டு கிறிஸ்தவ மன்றத்துக்குப் பயந்து ஓடியவர்களும் அதில் இருக்கிறார்கள்.

சாமிகளும் ஊரை விட்டுப் போயின. குர்த்தாலியில் இருந்த மங்கேஷி, கேளோஷியில் இருந்த சாந்தாதுர்கை, இன்னும் பல தெய்வங்களை ஆற்றுக்கு அக்கரையில் போண்டா பகுதிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று கோவாவில் டூரிஸ்ட் பஸ் காட்டும் பெரிய கோயில்கள் பலவும் போண்டா பக்கத்திலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான். அப்போது போண்டா பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. போர்த்துகீசியர் கைக்கு அது வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான், அதற்குள் கோயில்களை இடிக்கும் வேகம் அடங்கிவிட்டது. கொங்குநாடன் தம்பி, உங்கள் மாமாவுக்கு ஃபார்வர்டு பண்ண விஷயம் வேண்டுமென்றால் இதை அனுப்புங்கள்.